வவுச்சர் சேர்த்த பன்னிரண்டு அம்பு முனைகள்

பம்பு மோட்டார் செய்யும் ஆலையில் இருபத்தேழு வருடங்களாக ஸ்டோர் கீப்பராக இருக்கும் அந்த மனிதரை, பெற்றவர்கள் வைத்த பெயரால் குறிப்பிடுபவை உலகத்தில் இரண்டே. ஒன்று சம்பளப் பட்டியல், இன்னொன்று வாக்காளர் பட்டியல். மற்ற எல்லோருக்கும் அவர் வவுச்சர். "அவசரம் சார், ஒரு வாஷர் குடுங்க, மிஷின் நிக்குது" என்று ஸ்டோர் ஜன்னலில் யார் வந்து மூச்சு வாங்கினாலும், கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து "வவுச்சர்?" என்ற ஒரே சொல்தான் வரும். ஒருமுறை ஆலை முதலாளியே நேரில் வந்து ஒரு பல்பு கேட்டார். அவருக்கும் அந்தச் சொல்தான் கிடைத்தது. முதலாளி பணிந்து கையெழுத்துப் போட்டு பல்பை வாங்கிப் போனார். தவறான கட்டத்தில் போட்டிருக்கிறார் என்று மறுநாள் அந்தத் தாள் அவருக்கே திரும்பிப் போனது.

இப்படிப்பட்டவருக்கு ஐம்பத்து நான்காவது வயதில் ஒரு குறை கண்ணில் பட்டது. வவுச்சர் தாளில் பொருளைக் கேட்டவருக்குக் கட்டம் இருக்கிறது. அனுமதித்தவருக்கு இருக்கிறது. பெற்றுக்கொண்டவருக்கு இருக்கிறது. வழங்கியவருக்கு ஒரு சுருக்கக் கையெழுத்துப் போடும் அளவுக்கு, கொசு உட்காரும் இடம் இருக்கிறது. ஆனால் அந்தப் பொருளைத் துடைத்து, எண் குத்தி, அலமாரியில் ஏற்றி, துருப்பிடிக்காமல் வருடக்கணக்காகக் காத்தவனின் முழுப் பெயரை எழுத எங்கும் இடமில்லை. இதைக் கண்டுபிடித்த மாதத்தில் அவருடைய ரத்த அழுத்தம் ஏறியது. ஆலையின் நர்ஸம்மா இரண்டு தடவை பட்டையைச் சுற்றிப் பார்த்தாள்.

"ரொம்பக் கோவப்படுவீங்களா சார்?"

"நான் எங்கம்மா கோவப்படறேன்? ஜனங்க கோவப்படுத்தறாங்க."

"மனசுக்கு இதமா ஏதாவது பொழுதுபோக்கு வச்சுக்குங்களேன்."

மருத்துவத் துறையின் யோசனைகளை உத்தரவாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் அவருக்கு உண்டு. பொழுதுபோக்கு தேடும் வேலை அன்றே தொடங்கியது. அது எவ்வளவு இதமாக முடிந்தது என்பதைச் சொல்வதுதான் இந்த வரலாற்றின் நோக்கம்.

ஆலையின் கழிவு இரும்பு மாதம் ஒருமுறை பழைய இரும்புக் கடைக்குப் போகும். எடை போடுவதைப் பார்க்க வவுச்சரும் கூடப் போவார். அந்த மாதம் கடையில் ஒரு டப்பா நிறையக் கிடந்த பழைய திருகாணிகளுக்கு நடுவே ஒரு பொருளைக் கண்டார். இலை வடிவத்தில் இரண்டு தகடுகள், நடுவில் ஒரு சின்னக் குழாய், தகடுகளில் நீளவாட்டில் துளைகள், மேலெல்லாம் பழுப்பு நிறத் துரு. திருப்பித் திருப்பிப் பார்த்தும் அது என்னவென்று தெரியவில்லை. நாலாயிரத்துச் சொச்சம் சாமான்களைக் கண்ணை மூடிக்கொண்டு தடவியே பெயர் சொல்லக்கூடியவருக்கு இது சாதாரண அவமானம் இல்லை.

"இது என்னய்யா?"

"அதுவா? வேட்டைக்குப் போறவங்க அம்பு நுனியில மாட்டுற முனை சார். அந்தக் காலத்துல மிஷின்ல அடிச்சு டப்பா டப்பாவா வித்திருக்காங்க. இப்ப யாரு கேக்கறா? ஒரு பல் டாக்டர் மட்டும் வந்து பொறுக்கிட்டுப் போவாரு."

"எதுக்கு?"

"சேத்து வைக்கிறாராம்."

"சேத்து வச்சு?"

கடைக்காரர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் யோசித்தார். "சேத்து வச்சு... பாப்பாராம் சார்."

வவுச்சருக்கு உடம்பு சிலிர்த்தது. சாமான் உள்ளே வரும், வெளியே போகாது. ஜன்னலில் யாரும் வந்து நின்று அவசரம் என்று கத்த மாட்டார்கள். இருப்பு இருக்கும், வழங்கல் இருக்காது. ஸ்டோர் கீப்பர்களுக்கென்று தனியாக ஒரு சொர்க்கம் இருந்தால் அது இப்படித்தான் இருக்கும். அந்த முனையை அவர் கேட்டு வாங்கினார், அதற்கு ஒரு ரசீதும் எழுதி வாங்கினார்.

அடுத்த சனிக்கிழமை பல் டாக்டரைப் போய்ப் பார்த்தார். டாக்டருக்கு அறுபத்தைந்து வயது. ஊர்ச் சேகரிப்பாளர் சங்கத்தின் தலைவர். ஒரு காலத்தில் நோயாளிகளின் பல் அச்சுகளை வைத்திருந்த இழுப்பறைகளில் இப்போது முந்நூறு அம்பு முனைகள் வரிசையாகப் படுத்திருந்தன. இரண்டு தகடு, மூன்று தகடு, நான்கு தகடு, மடங்கி விரியும் தகடு. ஒன்றை இடுக்கியால் எடுத்து, வாய்க்குள் விடும் சின்னக் கண்ணாடியை அதன் கழுத்துக்கு அடியில் பிடித்தார்.

"இங்க பாருங்க, தேஞ்சுபோன எழுத்துல ஒரு நம்பர் தெரியுதா? நானூத்திப் பதினேழு. எழுபது வருஷத்துக்கு முன்னாடி, செஞ்ச கம்பெனியோட ஸ்டோர்ல குத்தினது. என்கிட்ட இருக்கறதுலயே இதுதான் ராஜா. இதோட மதிப்பே அந்த நம்பர்லதான் இருக்கு."

"ஸ்டோர்லயா?" என்றார் வவுச்சர்.

டாக்டர் மேலும் சில விவரங்கள் சொன்னார். ஊர் நூலகத்தின் படிக்கும் கூடத்தில் சங்கத்துக்கு ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு தட்டு. தட்டுக்குக் கீழே அவருடைய முழுப் பெயர் எழுதிய அட்டை. தபால்தலை சேர்த்த ஒருவர் வேறு ஊருக்குக் குடிபோனதால் ஒரு தட்டு காலியாக இருக்கிறது. பன்னிரண்டு முனை, ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல், சேர்த்துக் கொண்டுவந்து காட்டினால் தட்டு கிடைக்கும்.

"மூணே விஷயம் ஞாபகம் வச்சுக்குங்க. துருவைச் சுரண்டக் கூடாது. சாணை பிடிக்கக் கூடாது. எண்ணெய் போடக் கூடாது."

வவுச்சர் மூன்றையும் பாக்கெட் டைரியில் எழுதி, படித்துக் காட்டி, சரிதான் என்று டாக்டர் தலையாட்டிய பிறகே எழுந்தார். முழுப் பெயர் எழுதிய அட்டை! வீடு வரும்வரை அந்த அட்டை கண்முன்னால் போய்க்கொண்டே இருந்தது.

பன்னிரண்டு முனை சேர்க்க ஒன்பது மாதம் ஆனது. அந்த ஒன்பது மாதமும் அவர் பட்ட பாட்டைப் பிள்ளை பெற்றவர்கள் புரிந்துகொள்ளக்கூடும். அம்பு முனை வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னதுதான் தப்பு. அதன் பிறகு ஊரில் கூராக இருந்த அத்தனையும் அவரைத் தேடி வந்தது. பாதிக் கத்தரிக்கோல் வந்தது. இரும்புக் கேட்டின் மேலே செருகும் ஈட்டி வந்தது. குடையின் நுனி இரண்டு தடவை வந்தது, ஒரே குடையின் நுனி. லேத் ஓட்டுகிறவர் ஒருவர் உள்ளங்கையில் ஒன்றை மூடிக்கொண்டு ரகசியமாக ஜன்னலுக்கு வந்தார். எங்கள் முப்பாட்டன் வேட்டையாடிய முனை என்றார். உப்புத் தண்ணீரில் நன்றாக ஊறிப் பழமை ஏறியிருந்தது. ஆனால் அதைச் செய்த இரும்புக் கம்பியைப் போன செவ்வாய்க்கிழமை அவருக்கு வழங்கியதே வவுச்சர்தான். வீணான நீளத்துக்கு எழுத்தில் விளக்கம் கேட்டதும் முப்பாட்டன் சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

வீட்டில் வேறு விதமான முட்டுக்கட்டை. பழைய தகர டப்பாவில் பஞ்சு போட்டு வைத்திருந்த மூன்று தகடு முனை ஒரு நாள் குளியலறை மேடையில் சோப்புத்தூள் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"இது எப்படி இங்க வந்துச்சு?" என்று மனைவியிடம் கேட்டார்.

"நான்தான் எடுத்தேன். பாக்கெட் வெட்ட வேண்டாமா? இந்த வீட்டுல கூரா இருக்கற ஒரே சாமான் அதுதான்."

"அது எழுவது வருஷத்துப் பழசுடி!"

"நம்ம கத்தரிக்கோல் மட்டும் புதுசாக்கும். அதுவும் நம்ம கல்யாணத்தப்ப வந்ததுதான். அதையும் டப்பாவுல போட்டுப் பஞ்சு வைங்க."

வவுச்சர் அன்று மாத்திரையை இரண்டு மணி நேரம் முன்னதாகவே விழுங்கினார்.

ஆனால் கதையைத் திருப்பியது மனைவி அல்ல, மனைவியின் தம்பி. இரண்டு தெரு தள்ளி இருசக்கர வாகனங்கள் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். வீட்டுக்கு வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "மாமா, அம்பு இருக்கு, வில்லு எங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். முதல் தடவை எல்லோரும் சிரித்தார்கள். முப்பதாவது தடவை அவர் ஒருவர் மட்டும் சிரித்தார். பன்னிரண்டாவது முனை, நான்கு தகடு வைத்தது, மிக அரிதாகக் கிடைத்தது, டப்பாவுக்கு வந்த மூன்றாம் நாள் காணாமல் போனது. வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டு, ஏதோ உள்ளுணர்வு உந்த, வவுச்சர் மைத்துனரின் கடைக்குப் போனார். அங்கே ஒரு வண்டிச் சக்கரத்தின் இடுக்கில் இறுகிப்போன சேற்றை அந்த முனையால் சுரண்டிக்கொண்டிருந்தார் மைத்துனர்.

"மச்சான்! அது என்னுது!"

"வாங்க மாமா. இது எந்த மூலைக்கும் போகுது மாமா, என்னமா செஞ்சிருக்கான்!"

"குடு அதை!"

"தரேன் தரேன். ஆமா, உங்களுதுன்னு எப்படிச் சொல்றீங்க? என் டூல்ஸ் பெட்டியில கிடந்துச்சு. பேரு எழுதியிருக்கா? நம்பர் கிம்பர் போட்டிருக்கா?"

கேலியாகச் சொன்னதுதான். ஆனால் சொல்லப்பட்ட ஆள் யார்? எண் போடாத பொருள் உலகத்தில் இல்லாத பொருள் என்று இருபத்தேழு வருடம் ஊருக்கு உபதேசம் செய்தவர். அப்படிப்பட்டவரின் சொந்தக் கையிருப்பில் பன்னிரண்டு சாமான்கள் அனாதைகளாகக் கிடக்கின்றன! முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. முனையைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி நடக்கும்போது நானூற்றுப் பதினேழு நினைவுக்கு வந்தது. மதிப்பே அந்த நம்பரில்தான் இருக்கிறது என்று டாக்டர் வாயாலேயே சொன்னது நினைவுக்கு வந்தது. பாக்கெட் டைரியை எடுத்துப் பார்த்தார். கூடாதவை மூன்று. எண் குத்துவது அதில் இல்லை.

மறுநாள் ஸ்டோரிலிருந்து நம்பர் பஞ்ச் பெட்டி ஒன்று முறைப்படி வெளியே வந்தது. பூஜ்யம் முதல் ஒன்பது வரை நுனியில் செதுக்கிய சின்ன எஃகு உளிகள் அவை. வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் இரும்பில் எண் பதியும். வழங்கியவர் கட்டத்திலும் அவரே கையெழுத்துப் போட்டார், பெற்றவர் கட்டத்திலும் அவரே போட்டார். அனுமதித்தவர் கட்டத்தில் மேனேஜரிடம் வாங்கினார். காரணம் என்ற இடத்தில் "சொந்தம், ரத்த அழுத்தம்" என்று எழுதியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாடிப்படிக் கல்லின் மேல் பழைய துணியை மடித்துப் போட்டு உட்கார்ந்தார். குழாய் நசுங்காமல் இருக்க ஒவ்வொன்றின் உள்ளேயும் அளவான கம்பியைச் செருகினார். உளியை நிமிர்த்திப் பிடித்து இலக்கத்துக்கு ஒரே தட்டு. இரண்டாவது தட்டு தட்டுபவன் தொழில் தெரியாதவன். ஒன்று, இரண்டு, மூன்று என்று பன்னிரண்டு வரை, ஒரு மயிரிழை கோணாமல், கழுத்தில் சரியாக ஒரே இடத்தில். இருபத்தேழு வருடத்தில் இவ்வளவு சுத்தமான வேலையை அவர் செய்ததில்லை.

கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். மனைவியும் வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை அதுவுமா என்னங்க டங்கு டங்குன்னு?"

"பதிவு நடக்குது. பேசாத."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நூலகத்தில் சங்கம் கூடியது. வவுச்சர் பத்துக்கு இருபது நிமிடம் இருக்கும்போதே போய்விட்டார். இஸ்திரி போட்ட சட்டை, மடியில் தகர டப்பா. அலமாரியின் காலித் தட்டு துடைத்து வைக்கப்பட்டிருந்தது. நூலகர் நல்ல கையெழுத்துக்காரர். முன்கூட்டியே அட்டையைத் தயார் செய்து மேசை மேல் காய வைத்திருந்தார். "சேகரிப்பு" என்று மேலே, அதற்குக் கீழே கறுப்பு மையில் வவுச்சரின் முழுப் பெயர், முன்னெழுத்து முதல் கடைசிப் புள்ளி வரை. வவுச்சர் அதை மூன்று தடவை படித்தார். பிழை எதுவும் இல்லை.

பல் டாக்டர் வந்தார், உட்கார்ந்தார், இடுக்கியையும் கண்ணாடியையும் எடுத்தார். முதல் முனையைத் தூக்கிப் பார்த்தவர் கண்ணாடியை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"என்னங்க இது?"

"நம்பர்."

"அது தெரியுது. யாரு குத்தினது?"

"நான்தான்," என்றார் வவுச்சர். அடக்கமாகச் சொல்லத்தான் பார்த்தார், முடியவில்லை.

"எல்லாத்துலயுமா?"

"ஒண்ணுகூட விடல டாக்டர்."

"ஐயோ!" என்றார் பல் டாக்டர். நாற்பது வருடம் ஊர்க்காரர்களை ஐயோ சொல்ல வைத்தவர் தானே அதைச் சொன்னதை நூலகர் அன்றுதான் கேட்டார். "என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க? கெடுத்துட்டீங்களே! தொட்டாலே பதறுற சாமானைச் சுத்தியலால அடிச்சிருக்கீங்களே!"

வவுச்சர் டைரியைப் பிரித்தார். "நீங்க சொன்னது மூணு. துரு, சாணை, எண்ணெய். நம்பர் குத்தக் கூடாதுன்னு இதுல இல்லையே டாக்டர்."

"அதை ஒருத்தர் சொல்லணுமா? பல்லுல ஆணி அடிக்காதீங்கன்னு நான் எந்தப் பேஷண்டுக்கும் சொன்னது கிடையாது!"

"உங்க நானூத்திப் பதினேழு?"

"அது எழுவது வருஷத்துக்கு முன்னாடி குத்தினது."

"குத்தினது யாரு?"

"எவனோ ஒரு ஸ்டோர்க்காரன்."

"நான் யாரு?"

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார்.

"அவரு குத்தின மறுவாரம் உங்களை மாதிரி ஒருத்தர் கண்ணாடி வச்சுப் பாத்திருந்தா, அவரையும் பாத்து ஐயோன்னுதானே சொல்லியிருப்பாரு? அவரு வேலை ராஜா, என் வேலை மட்டும் கெடுதலா? கைவேலையைப் பாருங்க டாக்டர். அவரு நம்பர் கோணலா இருக்கு. ஏழு சாஞ்சிருக்கு. என்னுது நூல் பிடிச்ச மாதிரி நிக்குது."

நூலகர் இருமினார். அவருக்கு இதில் கருத்து இருந்ததுபோலவும், நூலகத்தில் சத்தம் போடக் கூடாது என்பதால் அடக்கிக்கொண்டதுபோலவும் இருந்தது. டாக்டருக்கு முகம் சிவந்தது. டப்பாவை மூடி வவுச்சர் பக்கம் தள்ளினார்.

"நல்லதுங்க. அப்ப எழுவது வருஷம் கழிச்சுக் கொண்டு வாங்க. தட்டு தரோம்."

கோபத்தில் சொன்னது. வேறு யாராக இருந்தாலும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள், அல்லது டப்பாவாலேயே அடித்திருப்பார்கள். வவுச்சர் பேனாவை எடுத்து நீட்டினார்.

"இதை எழுத்துல குடுப்பீங்களா?"

ஆளை எப்படியாவது அனுப்பினால் போதும் என்றிருந்தது டாக்டருக்கு. மருந்து எழுதும் தாளில் ஒன்றைக் கிழித்து எழுதினார்: "எண் குத்திய அம்பு முனைகள் பன்னிரண்டு. எழுபது வருடங்கள் கழித்துத் தட்டு வழங்கலாம்." கையெழுத்து, தேதி, சங்கத்தின் முத்திரை. தாளின் அடியில் "இனிப்பு வகைகளைத் தவிர்க்கவும்" என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது. அதை வவுச்சர் ஒரு நிபந்தனையாக எடுத்துக்கொண்டார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அன்று முதல் காப்பியில் சர்க்கரை இல்லை.

வாசல் வரை நூலகர் கூடவே வந்து அட்டையைக் கையில் கொடுத்தார். "உங்க பேரை வச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்றது? நீங்களே கொண்டு போங்க."

வவுச்சர் வீட்டுக்கு வந்தார். டப்பாவுக்கென்று வைத்திருந்த பதிவேட்டைப் பிரித்து, பன்னிரண்டு முனைகளுக்கும் எதிரே "வழங்க வேண்டிய நாள்" என்ற கட்டத்தில் எழுபது வருடம் கழிந்து வரும் முதல் சனிக்கிழமையின் தேதியை எழுதினார். பதிமூன்றாவது வரியில் அட்டையைச் சேர்த்தார். "பெயர் அட்டை, ஒன்று. நிலை: புதியது. வழங்க வேண்டிய நாள்: மேற்படி." பிறகு மகளைக் கூப்பிட்டார். அவளுக்கு இருபத்து நான்கு வயது, மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, மதிய ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். முழு விவரத்தையும் கேட்டுவிட்டு அவள் விரல் விட்டு எண்ணினாள்.

"எழுவது வருஷம் கழிச்சு நானா கொண்டு போகணும்? எனக்குத் தொண்ணூத்தி நாலு வயசாயிடும்பா."

"அன்னைக்குச் சனிக்கிழமைதான். பாத்துட்டேன். சங்கம் காலையில கூடும், மதிய ஷிஃப்டுக்கு லீவு போட வேண்டியதில்ல."

அவள் சிரிக்கவில்லை. அட்டையை எடுத்து, அப்பாவின் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழகா எழுதியிருக்காருப்பா. எதுக்கு எழுவது வருஷம்? நம்ம வீட்டு அலமாரியிலயே டப்பாவைத் திறந்து வச்சு, கீழே இதை வைப்போமே. இப்பவே."

வவுச்சரின் கை அட்டையை நோக்கி நீண்டது உண்மை. பாதி வழியில் அது நின்றது.

"பதிவாயிடுச்சும்மா. வழங்கற தேதி வரலையே. அதுக்கு முன்னாடி வெளிய எடுக்க முடியாது."

"உங்க பேருப்பா அது!"

"யார் பேரா இருந்தா என்ன? முதலாளிக்கே நான் வவுச்சர் இல்லாம எடுத்துக் குடுத்ததில்ல."

"அவரைத் திருத்த முடியாதுடி," என்று சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "நீ கிளம்பு."

மகள் கிளம்பவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள், கோடு போட்டாள், கட்டம் கட்டினாள். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய கட்டங்கள்தான். பொருள்: பெயர் அட்டை, ஒன்று. தேவைப்படும் இடம்: வீட்டு அலமாரி. காரணம்: அவசரம். கேட்பவர் கட்டத்தில் மகள் கையெழுத்து. அனுமதிப்பவர் கட்டத்துக்கு அம்மாவிடம் கொண்டுபோய், ஈரக் கையைத் துடைக்கச் சொல்லி, கையெழுத்து வாங்கி வந்தாள். கீழே, எந்த ஆலையின் எந்தத் தாளிலும் இல்லாத ஒரு புதிய கட்டம் போட்டு, "காத்து வைத்தவர்" என்று எழுதி, ஒரு முழுப் பெயர் தாராளமாகக் கொள்ளும் அளவுக்கு இடம் விட்டிருந்தாள்.

வவுச்சர் அந்தத் தாளை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழே படித்தார். புதிய கட்டத்தில் கண் வெகுநேரம் நின்றது. மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார். பேனாவைத் திறந்து, அந்தக் கட்டத்தில் தன் முழுப் பெயரை, முன்னெழுத்து முதல் கடைசிப் புள்ளி வரை, நிறுத்தி எழுதினார். பிறகு மறுபடியும் மேலே போனார். கேட்பவரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் பேனா முனை நின்றது.

"தேதி போடலை," என்றார்.

அதற்குள் மகள் தெருவுக்குப் போயிருந்தாள். "வந்து போடறேன்பா!" என்று குரல் மட்டும் வந்தது. அவளைக் கடந்து வாசலுக்கு வந்த மைத்துனர், "மாமா, வில்லு வந்துடுச்சா?" என்று கேட்டபடி செருப்பைக் கழற்றினார். பெயர் அட்டை, டப்பாவிலும் இல்லாமல் அலமாரியிலும் ஏறாமல் பதிவேட்டின் நடுவே கிடந்தது. ஷிஃப்ட் முடிய இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. வவுச்சர் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார்.